எறும்பு மொய்த்த சுண்ணாம்பு

யூஜினியாவை அறியாதவர்கள் அவளைக் கோபக்காரி என்பார்கள். அறிந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உண்மையில் அது கோபமே இல்லை. தனக்குச் சரி என்று பட்டதிலிருந்து கீழே இறங்கமாட்டாள், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் மாமியார் ரசத்தில் பூண்டைத் தட்டிப்போடச் சொன்னதற்கு, முழுப்பூண்டுதான் வாசம் என்று பதினொரு வருஷம் முழுப்பூண்டையே போட்டவள். மாமியார்தான் கடைசியில் பழகிக்கொண்டார்.

கோவிலூர் போகிற சாலையில் அப்போது ஒரு சாயத் தொழிற்சாலை இருந்தது. அங்கேதான் அவளுக்கு வேலை. துணி துவைக்கிற வேலை. துணி என்றதும் வேட்டி, சேலை என்று நினைத்துவிடக் கூடாது. நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகு மிஞ்சுகிற தண்ணீர் சிவப்பும் நீலமுமாய் ஓடிவந்து ஒரு பெரிய தொட்டியில் விழும். அதை அப்படியே வெளியே விட்டால் பின்பக்கத்து ஓடை வழியாகக் கண்மாய்க்குப் போய்விடும். விடக்கூடாது என்று அரசாங்கத்து ஆட்கள் வந்து சொன்ன பிறகு, முதலாளி தேனப்பன் ஒரு கொட்டகை போட்டு, இரும்பு எந்திரம் ஒன்றை வாங்கி நிறுத்தினார். தொட்டித் தண்ணீரில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றி, மேலே சுண்ணாம்புப் பாலையும் விட்டால் பால் திரிகிற மாதிரி அழுக்கெல்லாம் திரிந்து அடியில் உட்காரும். மேலே தெளிந்தது தண்ணீர். அடியில் கிடப்பது கசடு. அந்தக் கசடைத்தான் எந்திரத்துக்குள் பம்பு வைத்துத் தள்ளுவார்கள்.

எந்திரத்தில் இருபது துணிகள், தகடுகளுக்கு இடையே தொங்கும். பிளாஸ்டிக் நூலால் கெட்டியாக நெய்தவை. கசடைத் தள்ளத் தள்ள, தண்ணீர் துணி வழியே கசிந்து போய்விடும், சக்கை துணியில் நிற்கும். புளியைக் கரைத்து வடிகட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நன்றாகப் பிழிந்தபின் தகடுகளை விலக்கினால் காய்ந்த கசடு, வட்டமும் சதுரமும் இல்லாத ஒரு வடிவத்தில் தொப்பென்று விழும். சூப்பர்வைசர் அழகுசுந்தரம் அதைக் கேக் என்பார். எந்திரத்துச் சக்கரத்தைத் திருப்புகிற பொன்னழகு அதை அடை என்பான். "இன்னிக்கு அடை நல்லா வெந்திருக்கு சார்" என்று அவன் சொன்னால் அன்றைக்கு வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடை ஒழுங்காக வேகவேண்டுமானால் துணியின் கண்கள் திறந்திருக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் கசடு கொஞ்சம் அந்தக் கண்களில் போய் உட்காரும். சுண்ணாம்பு வேறு, வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற மாதிரி வெள்ளையாய்ப் படியும். தண்ணீர்க் குழாயால் அடித்தால் கசடு போகும், சுண்ணாம்பு போகாது. அதற்கு ஆசிட் வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அதில் ஆசிட்டை ஊற்றவேண்டும். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் மூஞ்சியில் தெறிக்கும். யூஜினியா இதையெல்லாம் ஆறு வருஷத்தில் கற்றுக்கொண்டாள். கையில் ரப்பர் உறை, முந்தானையை இழுத்து மூக்கைச் சுற்றி ஒரு கட்டு.

துவைத்த துணி சரியாய் இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. துணியை வாளியின் வாயில் இழுத்துக் கட்டி, ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவாள். ஊற்றின கையோடு 'அருள்நிறைந்த மரியே' என்ற மாதா மந்திரத்தை ஆரம்பிப்பாள். ஒரு மந்திரம் முடிவதற்குள் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் துணி தேறிவிட்டது. இறங்காவிட்டால் மறுபடி ஆசிட் தொட்டிக்கு. கடிகாரம் கட்டாத கைக்கு அதுவே கடிகாரம்.

"ஏக்கா, சகதித் துணிக்கெல்லாமா செபம் சொல்றீக?" என்று பொன்னழகு கேலி பண்ணுவான். "மாதா இங்க வந்து இந்த ஆசிட் நாத்தத்துல நிக்கணுமாக்கும்?"

"நிப்பாக. நீ அங்குட்டு ஒதுங்கு, அவுகளுக்கு எடம் வேணும்" என்பாள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. தீபாவளி முடிந்தும் விடவில்லை. சுண்ணாம்புக் காளவாய்கள் நனைந்து கிடந்ததால் வரவேண்டிய சுண்ணாம்பு லாரி வரவில்லை. சுண்ணாம்பு இல்லாவிட்டால் தொட்டியில் அழுக்கு திரியாது. திரியாவிட்டால் சாயவேலையை நிறுத்தவேண்டும். அழகுசுந்தரம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருப்பார். மூன்றும் எழுதும், இருந்தாலும் நாலாவது ஒன்று இல்லையே என்று கவலைப்படுகிற ஜாதி.

"கவலையை விடுங்க சார்" என்றாள் யூஜினியா. "எந்தம்பி சகாய ஆண்டனி கோட்டையூர்ல ஒரு பெரிய வீட்டுல சுண்ணாம்புப் பூச்சு வேலை பாக்குறான். அங்க சுண்ணாம்பு மிச்சம் கெடக்குது. நான் கேட்டா குடுப்பான்."

கேட்டாள். கொடுத்தான். நாலு நீல டிரம் சுண்ணாம்பு ஒரு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. ஏற்கெனவே அரைத்து வெண்ணெய் போலக் குழைந்திருந்தது. கொஞ்சம் பழுப்பாய் இருந்தது, மழையில் நனைந்திருக்கும் என்று நினைத்தார்கள். டிரம் மூடியின் விளிம்பில் ஒரு வரிசை எறும்பு.

"சுண்ணாம்புக்கு எறும்பு வந்து இப்பத்தான் பாக்குறேன். ஒங்க தம்பி சீனி கீனி போட்டாராக்கா?" என்று பொன்னழகு கேட்டான்.

"எந்தம்பி குடுத்தா அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள் பெருமையாக. எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சாயவேலை நிற்கவில்லை. அழகுசுந்தரம் அவளுக்குத் தன் காசில் டீ வாங்கிக்கொடுத்தார்.

நாலாம் நாள் எந்திரத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாய் வந்தது. தகடுகளை விலக்கினால் அடை விழவில்லை. கூழ்தான் கொழகொழவென்று சரிந்து பொன்னழகின் காலில் வழிந்தது. துணிகள் கறுத்துப் போயிருந்தன. வழக்கமாகத் துருப் பிடித்த மாதிரிச் செம்மண் நிறத்தில்தான் இருக்கும். இது மசி கொட்டின கறுப்பு.

யூஜினியா இருபது துணிகளையும் கழற்றி ஆசிட்டில் ஊறப்போட்டாள். நுரை பொங்கிப் பொங்கி அடங்கியது. குழாயடித்து, வாளியில் கட்டி, தண்ணீரை ஊற்றினாள். ஒரு மந்திரத்தில் இறங்கியது. சரி என்று மாட்டினார்கள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடியும் கூழ். மறுபடியும் துவைத்தாள். அதற்கடுத்தமுறை ஒரு நாள்கூட ஓடவில்லை. கழற்றின துணியில் தண்ணீர் ஊற்றிவிட்டு மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே போனால் பத்து மந்திரம் முடிந்தது. தண்ணீர் துணிமேல் குளம் மாதிரி அப்படியே நின்றது. அதில் அவள் முகம் தெரிந்தது.

இப்படியே இருபது நாள். ஆசிட் கேன் மட்டும் மளமளவென்று காலியானது. கசடுத் தொட்டி விளிம்பு வரை வந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் ஏறினால் ஓடைக்குத்தான் வழியும். மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரிகள் அடுத்த புதன்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அழகுசுந்தரத்துக்கு ராத்தூக்கம் போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். யூஜினியா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'நான் கடந்த இருபது நாட்களாக ஆசிட் போடாமலே துணிகளைத் துவைத்து வந்தேன். இது என் தவறு. மன்னிக்கவும்.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார்" என்றாள். "ஆனா நடக்காததை எழுதியிருக்கீக."

"நடந்துச்சோ நடக்கலையோ, ஆபீசர்க வந்தா என்ன காரணம்னு கேப்பாங்கம்மா. காட்டுறதுக்கு ஒண்ணு வேணும்."

"காரணம் வேணும்னா தேடுங்க. என் பேரை எழுதிட்டா அது காரணமாயிருமா?"

"பின்ன எப்படி அடைக்குது? ஆறு வருசமா அடைக்காதது இப்ப எப்படி அடைக்குது? ஆசிட் கேன் காலியாகுது, துணி சுத்தமாகல. நீ ஊத்துறியா, இல்ல வேற எங்கயும் போகுதான்னு முதலாளியே கேக்குறாரு."

அந்தச் சொல் அவளைச் சுட்டது. ஆசிட்கூட ஒரு தடவையும் அப்படிச் சுட்டதில்லை.

"திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போடு" என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "போட்டா நூல் மூட்டை அடுக்குற கிட்டங்கியில கூட்டுற வேலையாச்சும் நிக்கும். நான் பேசி வச்சிருக்கேன். போடலைன்னா செவ்வாக்கிழமை நீ வரவேண்டாம்னு சொல்லச் சொல்லிட்டாரு. அப்புறம் ஒண்ணு, லாரி செவ்வாக்கிழமைதான் வருதாம். சுண்ணாம்பு தீந்துபோச்சு. நாளைக்கு ஒங்க தம்பிட்ட இன்னும் ரெண்டு டிரம் கேட்டு வாங்கியாரியா?"

வேலையை விட்டு அனுப்பப்போகிறவளிடமே சுண்ணாம்பு வாங்கிவரச் சொன்னார் பாருங்கள். அதுதான் அழகுசுந்தரம். அவளும் சரி என்றாள். அதுதான் யூஜினியா.

அவள் வீட்டுக்காரர் அருள்பிரகாசம் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல் வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டே, "போட்டுட்டுப் போ புள்ள. ஒரு கையெழுத்துல என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

"செய்யாத பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனா சாமியார் என்ன சொல்லுவாரு?"

"எந்திரிச்சுப் போம்மா, பின்னால ஆளு நிக்குதும்பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பிசைந்த சோற்றை அப்படியே மூடி வைத்தாள். கிட்டங்கியில் கூட்டுவது ஒன்றும் இழிவான வேலை இல்லை. நிழலில் வேலை, ஆசிட் நாற்றம் கிடையாது. ஆனால் ஆறு வருஷமாய் அந்த இருபது துணிகளில் இறங்கிய தண்ணீர், அவள் கை பட்டுத் தெளிந்த தண்ணீர். அது இந்த மனுஷர் வயலுக்குத்தான் போகிறது. அவள் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள் என்று ஒரு காகிதம் எங்கேயோ ஒரு அலமாரியில் கிடக்கும். யாரும் எடுத்துப் படிக்காமலே போகலாம். படிக்காவிட்டாலும் அது அங்கே கிடக்குமே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டவுன் பஸ் ஏறிக் கோட்டையூர் போனாள். பெரிய வீடு. மூன்று கட்டு. வெளிநாட்டிலிருந்த சொந்தக்காரர்கள் தை மாதத்தில் பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்குள் சுவரெல்லாம் பழையபடி பளிச்சென்று ஆகவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. சகாய ஆண்டனி இரண்டாம் கட்டில் சாரத்தின் மேல் நின்று, சுவரைக் கரணையால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வாக்கா! என்ன திடீர்னு இங்குட்டு?"

"பூசைக்கு வராம இங்க என்னடா பண்ற? பங்குச்சாமியார் ஒன்னையக் கேட்டாரு."

"அவுக வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறிச்சுட்டாக, நான் என்ன செய்ய? மாதாட்ட நீ ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லிரு. ஒனக்குத்தான் அங்க செல்வாக்கு."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, ஒரு டிரம்மைத் திறந்தான். உள்ளே அதே வெண்ணெய்ச் சுண்ணாம்பு. பக்கத்தில் ஒரு மண்பானை இருந்தது. அதிலிருந்து ஒரு குவளை மொண்டு சுண்ணாம்பில் ஊற்றி, மண்வெட்டியால் கிளறினான். ஊற்றின தண்ணீர் கஷாயம் மாதிரிப் பழுப்பாய் இருந்தது.

"அது என்னடா தண்ணி?"

"கடுக்காய்த் தண்ணிக்கா. கடுக்காயை நுணுக்கிக் கருப்பட்டியோட ஊறப்போட்டது. பதினைஞ்சு நாள் ஊறணும். அப்பத்தான் பூச்சு கண்ணாடியா வரும்."

பானையின் விளிம்பில் எறும்புகள் ஊர்ந்தன. யூஜினியா அவற்றைப் பார்த்தாள்.

"எனக்குக் குடுத்தியே நாலு டிரம், அதுலயும் இது இருந்துச்சா?"

"பின்ன? ஒனக்குன்னு கேட்டப்ப பச்சைச் சுண்ணாம்பையா குடுப்பேன்? நல்லாப் பதமான மேல்பூச்சுச் சுண்ணாம்பாப் பாத்துக் குடுத்தேன்." சொல்லிவிட்டு உலர்ந்த சுவரில் உள்ளங்கையால் தட்டிக் காட்டினான். "இதைப் பூசி விட்டா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்காதுக்கா! மழை அடிச்சாலும் வழிஞ்சு ஓடிரும், பாத்துக்க!"

யூஜினியா அங்கேயே ஒரு கவிழ்த்துப்போட்ட சட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இருபது நாளாய்த் துணிமேல் குளம் கட்டி நின்ற தண்ணீர் கண்முன் வந்தது. சுவருக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்கச் செய்த சுண்ணாம்பு. அதைத்தான் தண்ணீர் இறங்கவேண்டிய துணிக்கு இவள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

கறுப்பும் அப்போதுதான் விளங்கியது. சாயக் கொட்டகைக்கு வருவதற்கு முன் அவள் காரைக்குடியில் நூலுக்குக் கறுப்பேற்றுகிற வீட்டில் கூலிக்கு இருந்தவள். கண்டாங்கிச் சேலைக் கரைக்கு வேண்டிய கறுப்பு நூல். கடுக்காய்த் தண்ணீரில் நூலை முக்கி, அடுத்து அன்னபேதித் தண்ணீரில் முக்கினால் கண்ணெதிரே கறுக்கும். வாரக்கணக்கில் நகக்கண்ணை விட்டுப் போகாத கறுப்பு. அந்தக் கறுப்பை இருபது நாள் கையில் வைத்துக் கசக்கியும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லையே! நூலில் பார்த்தால் தெரிந்திருக்கும். சகதியில் பார்த்ததால் சகதி என்றே நினைத்துவிட்டாள்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது? கருப்பட்டி வேணுமா? மிச்சம் இருக்கு."

"ஒன் கருப்பட்டியும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்" என்று எழுந்தாள். பிறகு, அவன் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "நல்ல சுண்ணாம்புதான்டா. சுவத்துக்கு நல்ல சுண்ணாம்பு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே எதையும் அவள் பார்க்கவில்லை. கணக்கான யோசனை ஒன்று தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை லாரிச் சுண்ணாம்பு வந்துவிடும். தம்பியின் சுண்ணாம்பும் தீர்ந்துவிட்டது. துணிகளை இன்னும் ஒரு தடவை நன்றாக ஊறப்போட்டால் தானாகவே சரியாகிவிடும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். பார்த்தீர்களா, நான் ஆசிட் ஊற்றித்தான் துவைத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்தலாம். சுண்ணாம்பைப் பற்றி யாருக்குத் தெரியப்போகிறது? எறும்புக்குத் தெரியும். அது சொல்லாது.

ஆனால் இருபது நாள், நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொன்ன வாய் இது. ஆசிட் விஷயத்தில் அது உண்மைதான். அதைச் சொன்ன வேகத்தில், வேறெங்கும் தன்மேல் தப்பு இருக்கலாம் என்று ஒரு தரம்கூட அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அழகுசுந்தரம் காரணத்தைத் தேடாமல் அவள் பேரை எழுதினார். அவளோ தன் பேரை விட்டுவிட்டு மற்றதிலெல்லாம் காரணத்தைத் தேடினாள். ரெண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றியபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. செய்யாததைச் சொல்வது பொய். செய்ததைச் சொல்லாமல் விட்டால் அதற்கு என்ன பேர்? பஸ் செக்காலை தாண்டுவதற்குள் அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது. இறங்குகிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டதால் நடந்து வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் முதலாளியைப் பார்க்கவேண்டும் என்று நின்றாள். தேனப்பன் கொட்டகைக்கே வந்தார். கூடவே காகிதத்தோடு அழகுசுந்தரம். யூஜினியா ஒரு பலகையின் மேல் மூன்று கண்ணாடித் தம்ளர்களை வைத்திருந்தாள். மூன்றிலும் அன்னபேதித் தண்ணீர். பழைய சாக்கில் ஒட்டியிருந்த லாரிச் சுண்ணாம்பை வழித்து முதல் தம்ளரில் போட்டாள். கலங்கி, பாசி நிறமாகித் திரிந்தது. தம்பி கொடுத்த டிரம்மின் அடியில் கிடந்ததை வழித்து இரண்டாவதில் போட்டுக் குச்சியால் கலக்கினாள். கலக்கக் கலக்கத் தண்ணீர் கறுத்தது. மசிக்கூடு மாதிரி ஆயிற்று.

"மூணாவது எதுக்கு?" என்று தேனப்பன் கேட்டார்.

"ஒருவேளை நீங்க நம்பலைன்னா மறுபடியும் போட்டுக் காட்டுறதுக்கு."

பொன்னழகு சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடுக்காய், கருப்பட்டி, எறும்பு, கோட்டையூர்ச் சுவர், எதையும் விடவில்லை. தேனப்பன் டிரம்முக்குள் விரலை விட்டுச் சுண்ணாம்பை எடுத்து, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.

"இது எங்க பழைய வீட்டுச் சுவத்துல பூசுன சுண்ணாம்பாச்சே" என்றார் மெதுவாக. "எங்க அப்பச்சி அந்தச் சுவத்துல முதுகைச் சாய்ச்சு உக்காருவாக. சித்திரை மாசத்துலயும் சில்லுன்னு இருக்கும். இதையா இருபது நாளா சாக்கடைத் தொட்டியில கொட்டுனீங்க?" அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "அப்பத் தப்பு ஒன்மேலதானே யூஜினியா? காகிதத்துல கையெழுத்துப் போடுறதுக்கு என்ன?" என்றார்.

"தப்பு எம்மேலதான் முதலாளி. ஆனா இந்தக் காகிதத்துல இருக்குற தப்பு எம்மேல இல்லை. நான் ஆசிட் ஊத்தலைன்னு இதுல போட்டிருக்கு. நான் ஊத்துனேன், என் கையைப் பாருங்க. சுண்ணாம்பு கொண்டு வந்தது நான். என்ன சுண்ணாம்புன்னு கேக்காமக் கொண்டுவந்தேன். அதை எழுதுங்க, இப்பவே போடுறேன்."

அழகுசுந்தரம் பேனாவை எடுத்தார்.

"கேக்காம வாங்கி எறக்குனது நீங்க சார். அதையும் எழுதுங்க சார்."

அவர் பேனா நின்றது. முதலாளி அவரைப் பார்த்தார். பயந்த மனுஷர் என்று சொன்னேனே, அன்றைக்கு அவரும் கொஞ்சம் நிமிர்ந்தார் என்றுதான் சொல்லவேண்டும். பழைய காகிதத்தை நாலாய்க் கிழித்துவிட்டு, புதுசில் முதலில் தன் பேரை எழுதினார். டீ வாங்கிக்கொடுத்ததை மட்டும் எழுதவில்லை. யூஜினியா எழுத்துக்கூட்டி முழுவதும் படித்த பிறகே, பெரிய பெரிய எழுத்தில் தன் பேரைப் போட்டாள்.

"இப்பக் கேளு" என்றார் தேனப்பன். "நாளைக் காலையில நான் வருவேன். துணியில தண்ணி எறங்கணும். எறங்குனா நீ இங்கதான். எறங்கலைன்னா ஆபீசர்களுக்கு நான் என்னத்தைக் காட்ட? அப்புறம் கிட்டங்கிதான், எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

அது நியாயம் என்று அவளுக்கும் பட்டது.

இத்தனை நாள் ஒரு மணி நேரம் ஊறப்போட்டுக் குழாயடித்தாள். இப்போது அழுக்கு இன்னதென்று தெரிந்துவிட்டதால் அவசரப்படவில்லை. சுவரில் ஏறின சுண்ணாம்பை ஒரே அடியில் பெயர்க்க முடியாது. தொட்டியில் ஆசிட்டைக் குறைத்து, இளசாகவே கலந்தாள். துணிகளை முக்கினாள், நுரை அடங்கினதும் அந்தத் தண்ணீரை மாற்றினாள். மறுபடி முக்கினாள். கம்பி பிரஷ் வேண்டாம் என்று பொன்னழகின் கையிலிருந்து பிடுங்கிப் போட்டாள், துணியின் கண் கிழிந்துவிடும். தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்தாள். மூன்றாம் தண்ணீரில் நுரை வரவில்லை. துணியைத் தூக்கிப் பிடித்து அதன் வழியே வானத்தைப் பார்த்தால் ஊசி முனை ஊசி முனையாய் வெளிச்சம் தெரிந்தது. கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமானது. முழுசாகப் போகவில்லை. அந்தக் கறுப்பைப் பற்றி அவளுக்குத் தெரியும், அது போகாது.

செவ்வாய்க்கிழமை காலை தேனப்பன் வந்தார். லாரியும் வந்து வாசலில் நின்றது. முதல் சாக்கை இறக்க விடாமல், ஒரு கிள்ளு சுண்ணாம்பை எடுத்துத் தம்ளரில் போட்டுப் பார்த்தாள். "இதென்னம்மா, சுண்ணாம்புக்கு ஜோசியம் பாக்குறீக?" என்றான் டிரைவர். பாசி நிறம் வந்ததும், "எறக்கு" என்றாள்.

பிறகு ஒரு துணியை எடுத்து வாளியின் வாயில் கட்டினாள். சாம்பல் நிறமாய், பார்க்கப் பழந்துணி மாதிரி இருந்தது. தேனப்பன் புருவத்தைச் சுருக்கினார். அழகுசுந்தரம் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். பொன்னழகு கேலி எதுவும் பேசாமல், அன்றைக்கு முதல்முறையாக, கேட்காமலே அங்குட்டு ஒதுங்கி இடம் விட்டு நின்றான்.

யூஜினியா செம்பைக் கவிழ்த்தாள். உதடு அசைய ஆரம்பித்தது.

தண்ணீர் ஒரு நொடி பளபளத்து நின்றது. பிறகு நடுவில் குழி விழுந்தது. வாளிக்குள் முதலில் சொட்டு, அப்புறம் தாரை, அப்புறம் ஒரு சலசலப்பு. மந்திரம் பாதி வருவதற்குள் துணிமேல் ஈரம் மட்டும் மிஞ்சியது.

"எறங்கிருச்சு!" என்று அழகுசுந்தரம் கத்தினார். "எறங்கிருச்சும்மா! போதும், மாட்டச் சொல்லு!"

அவள் கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னாள். தண்ணீர் இறங்கிவிட்டது என்பதற்காக மந்திரத்தைப் பாதியில் விடுவதா? கண்ணை மூடிக்கொண்டு, ஆமென் வரைக்கும் நிதானமாகச் சொல்லி முடித்தாள். முதலாளி உள்பட எல்லாரும் அதுவரை காத்திருந்தார்கள். முடித்துவிட்டுத்தான், "பொன்னழகு, முதல் துணியை மாட்டு" என்றாள்.